பதக்கங்களும் பாடத்தேர்வும்

அண்மை ஆண்டுகளில் நம் நாளிதழ்களைப் புரட்டுவோர் ஒரு படத்தைத் திரும்பத் திரும்பக் கண்டிருப்பர். விமான நிலைய வாயிலில் தமிழ்ப்பள்ளி மாணவர் நால்வர் ஐவர் நிற்பர். கழுத்தில் பொன்னிறப் பதக்கம், கையில் நாட்டுக் கொடி, தோளில் மாலை. பக்கத்தில் தலைமையாசிரியர், பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர், வரவேற்க வந்த பிரமுகர் ஒருவர். அனைத்துலகப் புத்தாக்கப் போட்டியில் தங்கம் வென்றனர் என்று செய்தி முழங்கும். நாளைய பொறியியலாளர்கள் இதோ என்று பிரமுகர் உரைப்பார். கூட்டம் கைதட்டும்.

அந்தப் பிள்ளைகளை நான் குறை கூற வரவில்லை. பத்து வயதில் ஒரு கம்பியை மின்கலத்தோடு இணைத்து விளக்கெரியக் கண்ட குழந்தையின் கண்ணில் தோன்றும் ஒளியை முப்பது ஆண்டுகளாகப் பார்த்து வருகிறவன் நான். என் வழக்கு அப்படத்தில் நிற்கும் பெரியவர்களோடு. அவர்களுள் நானும் ஒருவனாக நின்றிருக்கிறேன் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. என் கேள்வி ஒன்றே ஒன்றுதான். இப்படத்தில் உள்ள சிறுவன் இன்னும் ஐந்தாண்டுகளில் நான்காம் படிவத்தில் எந்தப் பாடங்களை எடுத்துப் படிப்பான்? இக்கேள்வியை அவ்விடத்தில் எவரேனும் கேட்டதுண்டா?

கேட்பதில்லை, கேட்டால் விழா கெட்டுவிடும். வெளிநாட்டுப் போட்டிகள் பலவற்றில் நுழைவுக் கட்டணம் செலுத்திச் சென்றவர் வெறுங்கையோடு திரும்புவது அரிது. தங்கம் இல்லையேல் வெள்ளி, வெள்ளி இல்லையேல் சிறப்புப் பரிசு. படைப்பின் பெரும்பகுதியை ஆசிரியர் செய்திருப்பார். விளக்கவுரையைப் பிள்ளை மனப்பாடம் செய்திருக்கும். பயணச்செலவுக்கு விருந்து நிகழ்ச்சி வைத்து மேசைக்கு இவ்வளவு வெள்ளி என்று திரட்டியிருப்போம். அத்தொகையைக் கொண்டு ஒரு வட்டாரத்தின் நான்காம், ஐந்தாம் படிவ மாணவர்களுக்கு ஓராண்டு முழுவதும் கூடுதல் கணித வகுப்பு நடத்தியிருக்கலாம். ஆனால் கூடுதல் கணித வகுப்பைப் படமெடுத்துப் போட எந்த நாளிதழ் முன்வரும்? கரும்பலகையும் கசங்கிய புத்தகமுமாக இருக்கும் அறையில் எந்தப் பிரமுகர் வந்து மாலை போடுவார்?

என் பழைய மாணவன் ஒருவனைப் பற்றிக் கூறுகிறேன். பெயர் வேண்டா. ஐந்தாம் ஆண்டில் பயிலும்போது தண்ணீர்த்தொட்டி நிரம்பியதும் ஒலியெழுப்பும் சிறு கருவி ஒன்றைச் செய்தான். மிதவை அவன் சிந்தனை, மணியை அவனே பழைய பொம்மை ஒன்றிலிருந்து பிரித்தெடுத்தான். போட்டிக்குப் போனான், பரிசு பெற்றான், படமும் வந்தது. பின்னர் இடைநிலைப்பள்ளிக்குப் போனான். நான் அடுத்த ஆண்டின் மாணவர்களைக் கவனிக்கத் தொடங்கினேன். பல ஆண்டுகள் கழித்து அவன் தாயை ஈப்போச் சந்தையில் கண்டேன். எஸ்.பி.எம். தேர்வில் நல்ல தேர்ச்சி என்றார். பொறியியலுக்கு விண்ணப்பித்தானாம், எங்கும் கிடைக்கவில்லையாம். "நமக்கெல்லாம் எங்க சார் குடுப்பாங்க?" என்றார். நானும் தலையசைத்தேன். பிறகு ஏதோ தோன்றி, கூடுதல் கணிதத்தில் என்ன புள்ளி என்று கேட்டேன். அந்தப் பாடத்தையே அவன் எடுக்கவில்லை, இயற்பியலையும் எடுக்கவில்லை. "அது ரொம்பக் கஷ்டம், எடுத்தா மத்த பாடமும் கெட்டுப்போயிடும்னு பள்ளிக்கூடத்துல சொன்னாங்க. ஃபாரத்தக் குடுத்தாங்க, கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன் சார்" என்றார். பன்னிரண்டு மணி நேரத் தொழிற்சாலை வேலை முடித்து வந்த ஒரு தாய் போட்ட கையெழுத்து அது. அவன் இப்போது மோட்டார் சைக்கிளில் வீடுவீடாகப் பொதிகளைக் கொண்டு சேர்க்கிறான். உழைத்து உண்கிறான், அதில் இழிவில்லை. ஆயினும் அவனுக்குப் பொறியியல் வாயில் அடைபட்டது பல்கலைக்கழக அலுவலகத்தில் அன்று. அவனது பதினாறாம் வயதில், ஒரு தாளில், எவரும் பாராத ஒரு பிற்பகலில்.

இதன் நடைமுறையை நம்மவர் பலர் அறியார்; சற்று விளக்க வேண்டியுள்ளது. பொறியியல் பட்டப்படிப்புக்குச் செல்லும் நேர்வழி எதுவாயினும், மெட்ரிகுலேஷன் ஆகட்டும், ஆறாம் படிவமாகட்டும், எஸ்.பி.எம். நிலையில் கூடுதல் கணிதமும் இயற்பியலும் அதன் படிக்கட்டுகள். முன்பு நான்காம் படிவத்தில் அறிவியல் பிரிவு, கலைப் பிரிவு என்று வெளிப்படையாக இருந்தன. பிள்ளை கலைப் பிரிவில் போடப்பட்டான் என்றால் தந்தை பள்ளிக்கு ஓடி வந்து சண்டையாவது போடுவார். 2020ஆம் ஆண்டு முதல் அப்பிரிவுகள் நீக்கப்பட்டுப் பாடத்தொகுப்புகள் வந்தன. தொகுப்புகளுக்கு நல்ல நல்ல பெயர்கள் உண்டு. எதில் கூடுதல் கணிதம் இருக்கிறது, எதில் இல்லை என்று உற்றுப் பார்த்தவர்க்கே தெரியும். இதற்கிடையே 2021இல் யு.பி.எஸ்.ஆர். தேர்வு அகற்றப்பட்டது, 2022இல் பி.டி.3 அகற்றப்பட்டது. தேர்வுச் சுமை குறைந்ததென நாமும் மகிழ்ந்தோம். ஆனால் தோட்டப்புறத்துப் பெற்றோருக்குத் தம் பிள்ளை எங்கே நிற்கிறான் என்று உரக்கச் சொல்லிய மணி அத்தேர்வுகளே. இப்போது முதல் மணி ஐந்தாம் படிவத்தின் முடிவில்தான் அடிக்கிறது. அப்போது வண்டி புறப்பட்டிருக்கும்.

இட ஒதுக்கீட்டைப் பற்றி நீர் வாய் திறக்கவில்லையே என்று அன்பர் ஒருவர் சினப்பது கேட்கிறது. திறக்கிறேன். 1971ஆம் ஆண்டு அரசமைப்புத் திருத்தம் உயர்கல்விக் கூடங்களில் இடங்களை ஒதுக்கி வைக்க வழி செய்தது. 2002இல் அவ்வொதுக்கீட்டின் இடத்தில் தகுதி முறை என ஒன்று வந்தது. ஆனால் தகுதியை அளக்கும் கோல்கள் இரண்டாயின. ஓராண்டு மெட்ரிகுலேஷன் ஒரு கோல், ஒன்றரையாண்டு எஸ்.டி.பி.எம். மற்றொரு கோல். இரண்டும் ஒரே தேர்வன்று. ஆயினும் இரண்டின் முடிவும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கப்படுகின்றன. 2019இல் மெட்ரிகுலேஷன் இடங்களை இருபத்தையாயிரத்திலிருந்து நாற்பதாயிரமாக உயர்த்தியபோதும் நூற்றுக்குத் தொண்ணூறு பூமிபுத்திரர்க்கு என்னும் விகிதம் அப்படியே நின்றது. எஸ்.பி.எம். தேர்வில் பத்து ஏ பெற்றோர் எவ்வினத்தவராயினும் இடமுண்டு என 2024இல் அறிவிக்கப்பட்டது. ஒன்பது ஏ பெற்ற ஏழைப் பிள்ளையின் நிலை என்ன என்பதற்கு அவ்வறிவிப்பில் விடையில்லை. கோப்பெங்கில் உள்ள பேராக் மெட்ரிகுலேஷன் கல்லூரியைக் கடந்து போகும் பேருந்தில் அமர்ந்து அதன் மதிலைப் பார்த்தபடியே ஆறாம் படிவத்துக்குப் போய்வந்த பிள்ளைகளை நான் அறிவேன். இது அநீதி. இதை எதிர்த்து எழுதுவோம், மனுக் கொடுப்போம், நாடாளுமன்றத்தில் கேட்கச் செய்வோம். அதில் எனக்கு மாறுபாடில்லை.

இலங்கைத் தமிழர் இதனினும் வெளிப்படையான அநீதியைக் கண்டவர். 1971இல் பேராதனைப் பொறியியல் பிரிவில் நுழையச் சிங்களவழி மாணவனுக்கு 227 புள்ளி போதும் என்றும் தமிழ்வழி மாணவனுக்கு 250 வேண்டும் என்றும் வைத்தனர். அந்த 23 புள்ளிகள் ஒரு தலைமுறையின் நெஞ்சில் இறங்கி நாட்டையே எரித்த தீக்கு ஒரு விறகாயின. ஆனால் ஒன்று கருதுக. அங்கே கொதித்தெழுந்த மாணவன் கணிதம் படித்தவன், இயற்பியல் படித்தவன், 250 எடுக்க வல்லவன். யாழ்ப்பாணத்தில் வீட்டுக்கு வீடு அப்பாடங்களை விழித்திருந்து படித்தார்கள். ஆதலால் வாயிலில் தள்ளப்பட்டபோது தள்ளப்பட்டோம் என்று அவர்களால் எண்களைக் காட்டி வழக்குரைக்க முடிந்தது. நம்மில் பலரோ வாயில் இருக்கும் தெருவுக்கே போகவில்லை. கூடுதல் கணிதம் எடாத பிள்ளையை எந்த ஒதுக்கீடும் தள்ளவில்லை. தள்ள வேண்டிய தேவையே அதற்கு ஏற்படவில்லை. அநீதி செய்வோர்க்கு இதைவிட எளிய உதவியை வேறு எவர் செய்வர்? எல்லாப் பழியையும் ஒதுக்கீட்டின் தலையில் ஏற்றிவிட்டு நாம் நிம்மதியாக உறங்குகிறோம். நான் சந்தையில் தலையசைத்தேனே, அதுவும் அத்தகைய உறக்கமே.

தோட்டத்துப் பிள்ளைக்குக் கணக்கு வராது என்று சொல்லும் ஒரு கூட்டம் உண்டு. ஆசிரியர் அறையிலேயே உண்டு. அது நம் சொந்த மக்கள் வாயிலிருந்து வரும்போதுதான் பொறுக்க முடிவதில்லை. இவர்கள் பால்மரக் காட்டில் ஒருநாளேனும் நின்றவர்கள் அல்லர். என் பெற்றோர் தலைமுறையினர் விடியுமுன் பெரட்டுக்குப் போய் நெற்றி விளக்கொளியில் செய்த வேலை யாது? வெட்டு மரத்தின் பாதிச் சுற்றைத் தழுவி இறங்க வேண்டும். சாய்வு முப்பது பாகை அளவில் நிற்க வேண்டும், குறைந்தால் பால் ஓடாது வழியும், மிகுந்தால் பட்டை வீணாகும். கத்தி உள்ளிருக்கும் வளர்படைக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் இருக்கையிலேயே நின்றுவிட வேண்டும். ஆழப்பட்டால் மரத்தில் காயம், அன்று மாலை கங்காணியின் வசை. கோணமானியைக் கண்டிராத கைகள் இருட்டில், அடுத்தடுத்து நூற்றுக்கணக்கான மரங்களில், இவ்வளவையும் தப்பாமல் செய்தன. இந்தக் கைகளின் பேரப்பிள்ளைக்குச் சாய்வும் கோணமும் விளங்காது என்பவர், சொல்லிக் கொடுக்கத் தமக்குத் தெரியவில்லை என்பதை வேறு சொற்களால் கூறுகிறார், அவ்வளவே.

மற்றொரு கூட்டம் இதற்கு நேர்மாறானது. மேடையேறி, இந்நாட்டின் முதல் இருப்புப்பாதையை 1885இல் தைப்பிங்குக்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே இட்டவர் நாமன்றோ, காட்டைத் திருத்திச் சாலை சமைத்தவர் நாமன்றோ என்று முழங்கும். உண்மைதான். இலங்கையிலிருந்தும் தமிழகத்திலிருந்தும் வந்த கூலிகளின் உடல்கள் அப்பாதையோரம் கிடக்கின்றன. ஆனால் மண்வெட்டி நம் கையில் இருந்தது, வரைபடம் வேறொருவர் கையில் இருந்தது. நூற்று நாற்பது ஆண்டுகள் சென்றும் அம்மண்வெட்டியின் பெருமையையே பேசிக்கொண்டிருப்போர், வரைபடம் நம் கைக்கு வரும் நாளைப் பற்றி என்ன செய்தார்கள்?

மொழியைப் பற்றியும் ஒரு சொல். தமிழ்ப்பள்ளியில் பயின்றால் பொறியியல் ஏறாது, ஆங்கிலமே வழி என்று பிள்ளைகளை மாற்றிக் கொண்டு போவோர் உளர். 2003இல் கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் கொள்கை வந்ததும், பின்னர் அது 2012 முதல் படிப்படியாகக் கைவிடப்பட்டதும் நாம் பட்டறிந்த வரலாறு. இடைப்பட்ட காலத்தில், ஆங்கிலம் தடுமாறிய ஆசிரியர் ஆங்கிலம் அறியாப் பிள்ளைக்கு ஈர்ப்புவிசையை விளக்க முயன்ற காட்சி என் கண்ணை விட்டு அகலவில்லை. தமிழகத்தில் அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் கட்டடப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழிலேயே கற்பிக்கத் தொடங்கியது. விசையும் முடுக்கமும் மின்னழுத்தமும் நம் மொழியில் நிற்க மாட்டா என்போர்க்கு அதுவே விடை. தமிழ்வழி பெறுகின்ற அடிப்படைக் கருத்து உறுதியானது. இழப்பு நேர்வது மாற்றத்தில். ஆறாம் ஆண்டில் 'பின்னம்' என்று அறிந்த பிள்ளை முதலாம் படிவத்தில் 'பெச்சஹான்' என்னும் சொல்லைக் கேட்டு விழிக்கிறது. அறிந்ததையே அறியாததாக எண்ணி அஞ்சுகிறது. கேட்க நாணி மூன்றாண்டு கடத்துகிறது. மூன்றாம் படிவ முடிவில் கணிதம் எனக்கு வராது என்று அதுவே தீர்ப்பெழுதிக்கொள்கிறது. இவ்விடத்தில் குற்றவாளிக் கூண்டில் நிற்க வேண்டியவர் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியராகிய நாங்கள். இருநூறு முந்நூறு கலைச்சொற்களைத் தமிழ், மலாய், ஆங்கிலம் என மூன்று வரிசையில் அச்சிட்டு, ஆறாம் ஆண்டின் கடைசி இரு மாதங்களில் பயிற்றி அனுப்ப எந்த அமைச்சின் அனுமதியும் வேண்டியதில்லை. எத்தனை பள்ளிகள் செய்கின்றன? பதக்கத்துக்குப் பயிற்சியளிக்க நேரம் இருந்ததே!

பணமும் வாய்ப்பும் எங்கோ தொலைவில் உள்ளன என்பதும் பேராக் மாநிலத்தவர் சொல்லத்தக்க காரணமன்று. நாட்டின் முதல் பாலிடெக்னிக் ஆகிய உங்கு ஓமார் 1969இல் யுனெஸ்கோவின் துணையோடு நம் ஈப்போவில்தான் எழுந்தது. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகம் 1986இல் ஈப்போவில் தொடங்கிப் பின்னர் ஸ்ரீ இஸ்கண்டாரில் இயங்கியது. அது 2001இல் நிபோங் திபாலுக்குப் பெயர்ந்தாலும், ஸ்ரீ இஸ்கண்டாரில் 1997 முதல் பெட்ரோனாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் நிற்கிறது. கம்பாரில் 2007 முதல் துங்கு அப்துல் ரகுமான் பல்கலைக்கழக வளாகம் உள்ளது. அங்கும் பொறியியல் கற்பிக்கின்றனர். புந்தோங்கிலிருந்தும் சுங்கை சிப்புட்டிலிருந்தும் மோட்டார் சைக்கிளில் போய்வரும் தொலைவில் இத்துணைக் கூடங்கள் இருக்கையில், நேர்வழி அடைபட்ட பிள்ளைக்கும் பாலிடெக்னிக் டிப்ளோமா முடித்துப் பட்டத்துக்கு ஏறும் வழி உண்டு. தண்ணீர்த்தொட்டி மணி செய்த என் மாணவனுக்கு அதையேனும் யாராவது சொல்லியிருக்கலாம். பாலிடெக்னிக் என்றால் படிப்பில் தோற்றவர் போகுமிடம் என்று நம் வீடுகளில் ஓர் எண்ணம் படிந்து கிடக்கிறது. மகன் மருத்துவன் ஆகாவிடில் மானம் போய்விடும் என்று, ஆயுட்கால ஊழியர் சேமநிதியை எடுத்தும் இருக்கும் ஒரே வீட்டை அடகு வைத்தும் கடல் கடந்து அனுப்புவோர், அம்மகனுக்கு உயிரியலில் விருப்பமா இயந்திரத்தில் விருப்பமா என்று கேட்பதே இல்லை.

பொறியியல் என்ற பெயரைக் கேட்டதும் பணத்தைக் கட்டிவிடுவோரும் எச்சரிக்கப்பட வேண்டியவரே. கண்காட்சிக் கூடத்தில் பளபளக்கும் தாளைக் கையில் திணித்து, இன்றே பதிந்தால் கழிவு என்று சொல்லும் முகவரிடம் ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: இப்பட்டம் பொறியியல் அங்கீகார மன்றத்தின் ஏற்புப் பெற்றதா? 1967ஆம் ஆண்டுப் பொறியியலாளர் பதிவுச் சட்டத்தின்படி மலேசியப் பொறியியலாளர் வாரியத்தில் பதிந்தவரே இந்நாட்டில் தம்மைப் பொறியியலாளர் என்று சொல்லிக்கொள்ள உரிமையுடையவர். 2009இல் மலேசியா வாஷிங்டன் உடன்படிக்கையில் முழு உறுப்பினரானது முதல், அவ்வாறு ஏற்புப் பெற்ற நம் பட்டத்தை உடன்படிக்கையின் பிற நாடுகளும் மதிக்கின்றன. பொறியியல் பட்டம் வேறு. பொறியியல் தொழில்நுட்பப் பட்டம் வேறு. பின்னதற்கு 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்த் தனி வாரியம் உண்டு. இழிந்ததன்று, ஆனால் வழி வேறு. எது என்று அறிந்து சேர்வது நன்று. நான்காண்டு முடிந்து, உயர்கல்விக் கடன் தலைமேல் ஏறிய பின் அறிவது கொடுமை.

சங்கங்களை நோக்கி ஒன்று கேட்கிறேன். ஈப்போவிலும் சுற்றுப்புறத்திலும் ஆலயமண்டபங்கள் வார நாள்களின் மாலையில் பூட்டிக் கிடக்கின்றன. மின்விசிறி உண்டு, விளக்கு உண்டு, நாற்காலிகள் அடுக்கியபடி உண்டு. ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்கள் காலையில் பூங்காவில் நடந்துவிட்டு மாலையில் தொலைக்காட்சி முன் அமர்ந்திருக்கிறார்கள். பொறியியல் பயிலும் நம் மாணவர்கள் விடுமுறையில் ஊர் திரும்புகிறார்கள். இம்மூன்றையும் ஒன்று சேர்க்க மாநாடு வேண்டுமா? தீர்மானம் வேண்டுமா? மூன்றாம் படிவத்தின் இறுதிப் பருவத்தில், பாடத்தொகுப்புத் தாள் வீட்டுக்கு வரும் அந்த வாரத்தில், தமிழ்ப்பள்ளியிலிருந்து போன ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக்கும் ஒருவர் போய், கையெழுத்திடுமுன் இதைப் படித்துப் பாருங்கள் அம்மா என்று சொன்னால் போதும். விமானச் சீட்டு தேவையில்லை.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்கலாம், கேட்க வேண்டும். அந்தத் தாயைச் சந்தித்த பிறகு என் பள்ளியில் ஒரு பதிவேடு தொடங்கினேன். ஆறாம் ஆண்டை முடித்துச் செல்லும் மாணவர் பெயர் முதற்கட்டத்தில். சேர்ந்த இடைநிலைப்பள்ளி இரண்டாவதில். நான்காம் படிவத்தில் கூடுதல் கணிதம் உண்டா இல்லையா என்பது மூன்றாவதில். அதன்பின் சென்ற இடம் நான்காவதில். ஆண்டுதோறும் தொலைபேசியில் அழைத்துக் கேட்டு நானும் ஆசிரியர் ஒருவருமாக நிரப்புகிறோம். எண் மாறிவிட்ட வீடுகள் உண்டு. தோட்டம் விற்கப்பட்டு எங்கு போயினர் என்றே தெரியாத குடும்பங்கள் உண்டு. சென்ற வாரம் அதைத் திறந்து பார்த்தேன். மூன்றாம் கட்டத்தில் 'உண்டு' என்றிருப்பதைவிட 'இல்லை' என்றிருப்பதே மிகுதி. பல பெயர்களுக்கு எதிரே அக்கட்டம் இன்னும் வெற்றாகவே கிடக்கிறது. அப்பெயர்களுள் மூன்று, விமான நிலையத்தில் என்னோடு படத்தில் நின்றவை.